குண்டூர் வைத்தியக் கன்னிகை டாக்டர் மேரி குளோரி



1957-ம் வருஷம், தேவமாதாவின் வணக்கமாதமாகிய மே மாதம் 5-ந் தேதி, பெங்களூர்ப் பட்டணத்தில் ஒரு கன்னியாஸ்திரியார் நெடுநாள் வியாதியின் பின் சர்வேசுரனுடைய சமூகம் சேர்ந்தார். அவருக்கு எழுபது வயது நிறைய இன்னும் ஏழு வாரம் இருந்தது. சபையில் அவருக்குக் கொடுக்கப்பட்ட பெயர் திருஇருதய மரியம்மாள். உலகம் அறிந்த பெயர் டாக்டர் மேரி குளோரி. வைத்தியப் பட்டம் பெற்று, கன்னியர் சபையிலும் வார்த்தைப்பாடு கொடுத்து, வேதபோதக தேசத்தில் டாக்டர் தொழிலையே செய்தவர்களில் இவரே முதல்வர் என்று இவருடைய சரித்திரத்தை எழுதுகிறவர்கள் சொல்லுகிறார்கள்.

ஆந்திர தேசத்துக் கத்தோலிக்கர் இவரை நன்றாய் அறிவார்கள். இந்தியாவில் நம் சபைகளின் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்கிறவர்களும் அறிவார்கள். நம் பக்கத்தில்தான் அறிந்தவர் குறைவு. அது ஆச்சரியமே, ஏனெனில், அவர் முப்பத்தேழு வருஷம் வாழ்ந்த குண்டூர் நமக்குத் தூர தேசமல்ல. சென்னையிலிருந்து வடக்கே போகும் இருப்புப்பாதை நம் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் கடந்து, தடா, சூளூர்ப்பேட்டை, கூடூர், நெல்லூர் என்று போய், தெனாலியில் ஒரு கிளையாகக் குண்டூருக்குத் திரும்புகிறது. அவர் வந்து இறங்கிய 1920-ல் குண்டூர் ஜில்லா மதராஸ் மாகாணத்தைச் சேர்ந்தது. திருச்சபைக் காரியத்திலும் அப்படியே: மதராஸ் அதிமேற்றிராசனத்துக்கு உட்பட்டிருந்த அந்தப் பிரதேசம் 1928-ல் நெல்லூர் மேற்றிராசனமாகப் பிரிந்தது; அதிலிருந்து 1940-ல் குண்டூர் மேற்றிராசனம் ஏற்பட்டது. ஆகவே இவரை நம்மவர் என்று சொல்லிக்கொள்ள நமக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

மேரி குளோரி 1887-ம் வருஷம் ஜூன் மாதம் 23-ந் தேதி, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் பிரெகுர்ரா என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் எட்வர்ட், தாயார் மார்கரெட், அயர்லாந்து வம்சத்தார். ஒன்பது பிள்ளைகளில் மேரி மூன்றாவது. பின்பு குடும்பம் வாட்செம் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. மழை குறைந்த, கோதுமை விளைகிற, காய்ந்த பூமி அது. வீட்டில் ஐசுவரியம் பெரிதாக இல்லை. ஜெபமாலை இருந்தது, படிப்பில் மதிப்பு இருந்தது. பெண்பிள்ளைக்கு எதற்கு இத்தனை படிப்பு என்று கேட்கிற வீடு அன்று ஆஸ்திரேலியாவிலும் உண்டு. இந்த வீடு அப்படிப்பட்டதல்ல. பரீட்சையில் உபகாரச் சம்பளம் வாங்கி, சிறு வயதிலேயே வீட்டை விட்டு மெல்போர்ன் பட்டணத்துக்குப் படிக்கப் போனாள் மகள். சர்வகலாசாலையில் முதலில் இலக்கியப் படிப்பில் சேர்ந்தவர், தகப்பனாருடைய ஊக்கத்தின் பேரில் வைத்தியப் படிப்புக்கு மாறினார்.

மெல்போர்ன் சர்வகலாசாலை வைத்தியப் படிப்புக்குப் பெண்களை முதன்முதல் சேர்த்தது 1887-ல். மேரி பிறந்த அதே வருஷம். கதவு திறந்து இருபது வருஷத்துக்குள் அதன் வழியாக நுழைந்தவர்களில் அவர் ஒருவர். 1910-ல் பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் தங்கிப் பழக இடம் கிடைப்பது அந்நாளில் எளிதல்ல. 1911-ல் கடல் கடந்து நியூஜீலந்தின் கிறைஸ்ட்சர்ச் பட்டணத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு, மெல்போர்ன் திரும்பினார். அங்கே கண், காது வைத்தியத்துக்கென்றே உள்ள ஆஸ்பத்திரியிலும், அர்ச். வின்சென்ட் ஆஸ்பத்திரியிலும் பணியாற்றினார். காலின்ஸ் தெருவில் சொந்தமாக வைத்தியசாலையும் வைத்தார். அந்தத் தெருவில் டாக்டர் பலகை தொங்குவது அன்றைக்குப் பெரிய அந்தஸ்து. கையில் தொழில், நல்ல வருமானம், நல்ல பெயர். முப்பது வயது ஆகவில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று எந்தத் தாய் தகப்பனும் நினைப்பார்கள்.

1915-ம் வருஷம் அக்டோபர் மாதம் 24-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அவர் கையில் ஒரு சிறு துண்டுப்புத்தகம் கிடைத்தது. இப்போது அக்டோபர் மாதத்தில் நாம் காணிக்கை எடுக்கிற மிஷன் ஞாயிறு அப்போது கிடையாது. அது 1926-ல்தான் ஏற்பட்டது. ஆனாலும் அந்தச் சிறு புத்தகம் வேதபோதக தேசத்தைப் பற்றியதே. டாக்டர் ஆக்னேஸ் மக்லாரன் என்ற அம்மையாருடைய வாழ்க்கையையும், இந்தியாவில் குழந்தைகளும் தாய்மாரும் மடிகிற கணக்கையும் அது சொல்லியிருந்தது. வாசித்து முடித்த மேரி முழந்தாளிட்டார். எழுந்திருக்கும்போது தம் வாழ்நாள் வேலை இன்னது என்று தெளிவு பெற்றிருந்தார். (நம் வாரமடலைக் கருவாடு சுற்றுவதற்கு என்றே பத்திரப்படுத்துகிற வீடுகள் இரண்டொன்றை நான் அறிவேன். அச்சடித்த காகிதம் எந்தக் கையில் எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.)

அந்த ஆக்னேஸ் மக்லாரன் அம்மையாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போவது நியாயமல்ல. அவர் ஸ்காத்லாந்து தேசத்தார், 1837-ல் எடின்பரோவில் பிறந்தவர், பிராட்டஸ்டாண்டு குடும்பம். சொந்த தேசத்துக் கல்லூரிகள் பெண்களுக்கு வைத்தியம் கற்பிக்க மறுத்தபடியால் பிரான்சு தேசத்து மோன்பெலியே பட்டணத்தில் படித்து 1878-ல் பட்டம் வாங்கினார். அறுபது வயதைக் கடந்து, 1898-ல் சத்திய திருச்சபையில் சேர்ந்தார். எழுபது கடந்த பிற்பாடு இந்தியாவுக்கு வந்தார். ராவல்பிண்டியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு கத்தோலிக்க ஆஸ்பத்திரி உண்டாக உழைத்தார். வந்த இடத்தில் அவர் கண்டது இதுதான்: கோஷா முறைப்படி திரைக்குள் வாழ்கிற பெண்கள் ஆண் வைத்தியரிடம் காட்டுவதைவிடச் சாவதையே தெரிந்துகொண்டார்கள். பெண் டாக்டர் வேண்டும். நாள் முழுதும், வருஷம் முழுதும், சம்பளம் பாராமல் அங்கேயே இருக்கத்தக்க பெண் டாக்டர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் கன்னியாஸ்திரிகளே. கன்னியாஸ்திரிகளுக்கோ அந்த வேலை தடுக்கப்பட்டிருந்தது.

யார் தடுத்தது என்று கேட்பீர்கள். திருச்சபைச் சட்டந்தான் தடுத்தது. இதை மறைத்துச் சொல்வதில் பிரயோசனம் இல்லை. குருக்களும் துறவிகளும் பணத்துக்காக வைத்தியம் பார்ப்பதையும், கத்தியெடுத்து ரணசிகிச்சை செய்வதையும் பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சங்கங்கள் விலக்கியிருந்தன. அந்தக் காலத்து நிலைமைக்கு அது ஏற்ற விலக்கு. நாளடைவில் அதுவே வழக்கமாகிக் கெட்டிப்பட்டது. 1917-ல் தொகுத்து வெளியிடப்பட்ட சட்ட நூலும், ரோமாபுரியின் விசேஷ அனுமதியின்றி இவர்கள் வைத்தியத் தொழில் செய்யலாகாது என்றே சொல்லிற்று. கன்னியர் பிரசவ வேலையில் ஈடுபடுவதும் கூடாதென்று இருந்தது. கற்பின் வார்த்தைப்பாட்டுக்கு அது பங்கம் என்று எண்ணினார்கள். மக்லாரன் அம்மையார் இந்தத் தடையை நீக்கும்படி ரோமாபுரிக்குப் பலமுறை நேரில் போய் விண்ணப்பித்தார். பதில் வராமலே 1913-ல் இறந்தார். அவர் இறந்து இரண்டு வருஷம் சென்று அவருடைய சரித்திரம் மெல்போர்னில் ஒரு இளம் டாக்டரின் கையில் விழுந்தது.

இந்தியாவில் அந்நாட்களில் பிறக்கிற குழந்தைகள் ஆயிரத்தில் ஏறக்குறைய 200 ஒரு வயது காணாமலே இறந்தன. ஐந்துக்கு ஒன்று. நம் பாட்டிமாரின் தாய்மார் பெற்றது எத்தனை, தங்கியது எத்தனை என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். கணக்கு சரியாக வரும். காரணங்கள் பெரும்பாலும் சிறியவை. பிரசவ வீட்டில் துருப்பிடித்த அரிவாளாலோ மூங்கில் சீவலாலோ தொப்புள்கொடியை அறுப்பார்கள்; அறுத்த வாயில் சாணமோ சாம்பலோ வைப்பார்கள். ஐந்தாறு நாளில் குழந்தை பால் குடிக்க மாட்டாமல் வாய் கிட்டி, வில்லாய் வளைந்து இறக்கும். பேய் பிடித்தது என்பார்கள். அது மண்ணிலும் சாணத்திலும் இருக்கிற தனுர்வாயுக் கிருமி. கொதிக்கவைத்த கத்தியும் சுத்தமான நூலும் இருந்தால் அந்தப் பிள்ளை பிழைக்கும். கழுவாத கையினால் தாய்க்குப் பிரசவ ஜுரம் வரும். அதற்கு மருந்தே அந்நாளில் கிடையாது. சல்பா மருந்துகள் வந்தது 1930-க்கு மேல். பென்சிலின் பரவியது இரண்டாம் மகா யுத்தத்துக்குப் பிறகு. அதுவரை சோப்பும் வெந்நீரும் பழக்கப்பட்ட கையுமே மருந்து.

மேரி அன்றே கப்பல் ஏறவில்லை. யுத்தகாலம். அவரும் அவசரப்படவில்லை. 1916-ல் மெல்போர்னில் கத்தோலிக்கப் பெண்கள் சமூக சங்கம் என்ற ஒரு சங்கம் ஏற்பட்டபோது அதற்கு முதல் தலைவியாக அவரைத் தெரிந்துகொண்டார்கள். வேலைக்குப் போகிற பெண்கள், ஏழைக் குடும்பங்கள், குழந்தைகள் இவர்களுக்காக அந்தச் சங்கம் உழைத்தது. மேரி சங்கத்தை நடத்தினார், வைத்தியமும் பார்த்தார், இரவில் படித்தார். பிரசவம், ஸ்திரீ வியாதி, கண் வைத்தியம் என்ற துறைகளில் மேற்பட்டமாகிய எம்.டி.யை 1919-ல் பெற்றார். இந்தியாவில் தமக்கு வேண்டியிருக்கும் என்று கண்ட வித்தைகளையே தெரிந்தெடுத்துப் படித்தார் என்பதைக் கவனியுங்கள். தேவ அழைத்தல் கிடைத்த பிற்பாடு நான்கு வருஷம் பாடப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தது பக்திக் குறைவல்ல. அரைகுறைப் படிப்போடு ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கப் போவதுதான் குறைவு. ஏழைக்கு இது போதும் என்று மட்டமானதைக் கொடுக்கிற தர்மம் இன்றும் உண்டு. அவர் அந்தக் கட்சி அல்ல.

1920-ம் வருஷம் ஜனவரி 21-ந் தேதி, அர்ச். ஆக்னேசம்மாள் திருநாளன்று, மெல்போர்னை விட்டுப் புறப்பட்டார். பிப்ரவரி 12-ந் தேதி, லூர்து மாதா திருநாளுக்கு மறுநாள், குண்டூர் வந்து சேர்ந்தார். தாய் தகப்பனை, உடன்பிறந்தாரை, ஊரை அவர் பிறகு பார்க்கவே இல்லை. ஆஸ்திரேலியாவுக்கு ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கடிதங்கள் மட்டும் போய்வந்தன.

குண்டூரில் அவர் சேர்ந்த சபை சேசு மரி சூசை சபை. ஒல்லாந்து தேசத்தில் 1822-ல், சேசுசபைக் குருவான மத்தியாஸ் உல்ப் சுவாமியாரால் உண்டான சபை இது. பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பதே அதன் முதல் நோக்கம். 1904-ல் இந்தச் சகோதரிகள் குண்டூர் வந்து பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களிடம் ஒரு டாக்டர் வந்து சேர்ந்தது ஏன் என்றால், பள்ளிக்கூடத்துக்கு வருகிற பிள்ளை வியாதியில் கிடந்தால் பலகையில் என்ன எழுதுவது? புத்தகப்பையும் மருந்துக் குப்பியும் ஒரே வீட்டுக்குப் போக வேண்டியவை என்று அந்த ஒல்லாந்துச் சகோதரிகள் கண்டுகொண்டார்கள். மேரி அங்கே சபைப் பயிற்சி பெற்று, திருஇருதய மரியம்மாள் என்ற பெயரோடு வார்த்தைப்பாடு கொடுத்தார். சட்டத்தின் தடை இன்னும் நீங்கவில்லை. ஆனால் இவருக்கு மட்டும் ரோமாபுரி விசேஷ அனுமதி கொடுத்தது. மக்லாரன் அம்மையார் தட்டிய கதவு ஒரு விரற்கடை திறந்தது.

ஆரம்பத்தில் இருந்தது ஒரு சிறு மருந்துக்கொட்டகை. அது வளர்ந்து அர்ச். சூசையப்பர் ஆஸ்பத்திரி ஆயிற்று. எம்.டி. படித்த டாக்டர் ஒருவரே. காத்திருக்கிறவர்களோ விடிவதற்கு முன்பே வந்து வாசலில் உட்கார்ந்த ஜனங்கள். ஜாதி மதம் பார்க்கவில்லை. வருகிறவர்களில் மிகுதியானவர் ஏழைகள், கிறிஸ்தவரல்லாதவர்களும் அநேகர். வர முடியாதவர்களைத் தேடி மாட்டு வண்டியில் கிராமங்களுக்குப் போனார். கிருஷ்ணா நதி பாய்கிற கரிசல் பூமியில் மழைக்காலத்து வண்டிப்பாதை எப்படி இருக்கும் என்று, மழைநாளில் ஆரணியாற்றங்கரைப் பக்கம் நடந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். முப்பத்தேழு வருஷத்தில் அவருடைய மேற்பார்வையில் சிகிச்சை பெற்றவர்கள் லட்சக்கணக்கானவர்கள்.

அவர் தெலுங்கு படித்தார். இது சிறிய காரியம்போலத் தோன்றும். நம் பங்கிலும் தெலுங்கை வீட்டுப் பாஷையாகப் பேசுகிற குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு இதன் அருமை தெரியும். வலி எங்கே என்பதைத் தன் தாய்மொழியில் அல்லாமல் எவராலும் சரியாய்ச் சொல்ல முடியாது. இன்று நம் சிப்காட் தொழிற்பேட்டையை நம்பி ஒடிசா, பீகார் பக்கங்களிலிருந்து வந்து வாடகை அறைகளில் குடியிருக்கிற இளம் தாய்மார், வைத்தியசாலை வாசல்வரை போய், பேசத் தெரியாமல் திரும்பி வருவதை நான் கண்டிருக்கிறேன். மருந்து அங்கே இருக்கிறது, டாக்டரும் இருக்கிறார், இலவசந்தான். நடுவில் பாஷை இல்லை. அவர்களோடு கூடப் போய் நாலு வார்த்தை பேசிக் கொடுக்கிற நம் பங்குப் பெண்மணிகள் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது வைத்தியமே. நம் நாட்டு மூலிகை வைத்திய முறைகளையும் குண்டூர் டாக்டர் தள்ளிவிடாமல் விசாரித்து அறிந்தார்.

ஆயினும் அவருடைய பெரிய காரியம் அவர் கையால் கொடுத்த மருந்தல்ல; பழக்கிவிட்ட பெண்களே. ஒரு டாக்டர் எத்தனை பேரைப் பார்ப்பார்? ஆகவே உள்ளூர்ப் பெண்பிள்ளைகளைச் சேர்த்து, மருந்து கலக்கிற கம்பவுண்டர் வேலையும், தாதி வேலையும், பிரசவம் பார்க்கிற மருத்துவச்சி வேலையும் கற்பித்தார். கையெழுத்துப் போடத் தெரியாத குடும்பத்துப் பெண், அவுன்ஸ் கணக்குப் போட்டு மருந்து அளந்தாள். கிருமி என்றால் என்ன என்று தன் ஊராருக்குச் சொன்னாள். இவள் ஒரு கிராமத்துக்குத் திரும்பிப் போனால் அங்கே துருப்பிடித்த அரிவாள் ஒழிந்தது. தர்மம் செய்கிறவர் ஊரைவிட்டுப் போனாலும் தங்கிவிடுகிற தர்மம் இதுவே. அன்னதானத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது மறுநாள் காலையில் முடிந்துபோகிறது. பத்தாம் வகுப்பு முடித்ததும் மகளைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிட அவசரப்படுகிற தகப்பன்மார் நம் பங்கில் உண்டு. கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. தாதிப் படிப்புக்கு மூன்று நான்கு வருஷம் பொறுக்க வேண்டும் என்பதும் தெரியும்.

1936-ம் வருஷம் பிப்ரவரி 11-ந் தேதி, லூர்து மாதா திருநாளன்று, விசுவாசப் பரம்புதல் சபை ரோமாபுரியிலிருந்து ஒரு கட்டளை பிறப்பித்தது. வேதபோதக தேசங்களில் கன்னியர் சபைகள் வைத்தியமும் பிரசவமும் முறையாகக் கற்று நடத்தலாம். நடத்தவும் வேண்டும் என்பது அதன் கருத்து. மக்லாரன் அம்மையார் இறந்து இருபத்துமூன்று வருஷம் ஆகியிருந்தது. இந்தக் கட்டளை வரக் காரணமானவர்கள் பலர். அவர்களில் ஆஸ்திரிய தேசத்து அன்னா டெங்கெல் அம்மாள் ஒருவர். அவர் மக்லாரன் அம்மையாரின் தூண்டுதலால் டாக்டராகி, 1920-ல் ராவல்பிண்டிக்கு வந்து உழைத்து, 1925-ல் மருத்துவக் கன்னியர் சபையை ஏற்படுத்தினார். அதே 1920-ல் நம் தேசத்துக்கு வந்தவர்தான் குண்டூர்க் கன்னிகையும். இது நடக்கக்கூடிய காரியமே, இதனால் கன்னிமைக்கு ஒரு பங்கமும் இல்லை என்பதற்குக் குண்டூரில் பதினாறு வருஷ அனுபவம் சாட்சியாய் நின்றது.

அந்தக் கட்டளையின் பலனை அதிகமாய்க் கண்டது ஆப்பிரிக்கா கண்டம். அயர்லாந்து தேசத்து மேரி மார்ட்டின் அம்மாள் 1921 முதலே நைஜீரியாவில் உழைத்துப் பார்த்தவர்; கன்னியர் பிரசவம் பார்க்கக் கூடாது என்ற தடையால் பல வருஷம் காத்திருந்தவர். தடை நீங்கிய மறுவருஷம், 1937-ல், மரியாயின் மருத்துவ வேதபோதகக் கன்னியர் சபையை அவர் அங்கேயே தொடங்கினார். கிழக்கே உகாண்டாவில் கெவின் அம்மாள் என்ற மற்றொரு அயர்லாந்துக் கன்னிகை 1903-ல் வந்து இறங்கி, மாமரத்தடியில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்து, பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரிகளும் அந்நாட்டுப் பெண்களுக்குத் தாதிப் பயிற்சியும் உண்டாக்கினார். அந்த ஜனங்கள் தர்மாஸ்பத்திரியையே அவர் பெயரிட்டுக் கெவினா என்று அழைத்தார்கள். அவரும் 1957-லேயே இறந்தார். மிஷன் ஞாயிறன்று நீங்கள் போடுகிற காணிக்கை எங்கே போகிறது என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட இடங்களுக்குத்தான் போகிறது. ஒரு காலத்தில் குண்டூரும் அந்தப் பட்டியலில் இருந்தது. மெல்போர்ன் பெண்கள் அனுப்பிய காசில் நம் தேசத்துத் தாய்மார் பிழைத்தார்கள்.

1943-ல் யுத்தத்தின் நடுவில், மருந்துக்கும் பஞ்சுக்கும் தட்டுப்பாடான காலத்தில், திருஇருதய மரியம்மாள் வேறொரு காரியத்தை யோசித்தார். இந்தியா முழுவதும் கன்னியர் மடங்களைச் சார்ந்து சிறு சிறு ஆஸ்பத்திரிகளும் மருந்துக்கொட்டகைகளும் சிதறிக் கிடந்தன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. சட்டம் தெரியாது, எங்கே மருந்து மலிவு என்று தெரியாது, தாதிகளை எப்படிப் பயிற்றுவிப்பது என்று கலந்துகொள்ள ஆள் இல்லை. பதினாறு சகோதரிகள் கூடினார்கள். கத்தோலிக்க ஆஸ்பத்திரிச் சங்கம் உண்டாயிற்று. அவரே முதல் தலைவி. இன்று அந்தச் சங்கத்தில் 3,500-க்கு மேற்பட்ட ஸ்தாபனங்கள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் மிகுதியானவை பட்டணத்துப் பெரிய கட்டடங்களல்ல; கிராமங்களில் இரண்டு மூன்று சகோதரிகள் நடத்துகிற சிறு மருத்துவ நிலையங்கள்.

வைத்திய சாஸ்திரம் எந்தப் பக்கம் போகிறது என்பதையும் அவர் கவனித்தே வந்தார். பலவீனரும் ஊனரும் பிறவாதிருப்பதே நாட்டுக்கு நலம் என்ற எண்ணம் படித்தவர்களிடையே பரவிய காலம் அது. கர்ப்பத்திலுள்ள சிசுவும் சாகக்கிடக்கிற கிழவனும் சர்வேசுரனுடைய சாயலே என்பதில் அவர் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த மனச்சாட்சியோடு வைத்தியம் கற்பிக்கிற கத்தோலிக்கக் கல்லூரி ஒன்று இந்தியாவில் வேண்டும் என்று சங்கத்தின் வழியாக வற்புறுத்தி வந்தார். மேற்றிராணிமாருக்கும் அது பெரிய பாரம். பணம் வேண்டும், இடம் வேண்டும், பேராசிரியர் வேண்டும். அவர் உயிரோடிருக்கும் வரை அது கைகூடவில்லை.

தம்மைப் பற்றி அவர் உயர்வாக நினைத்ததாகத் தெரியவில்லை. தம் வாழ்க்கையைப் பற்றி எழுதிவைத்த நூலுக்கு, கடவுளுடைய கையாலாகாதவள் என்ற பொருள்பட ஒரு தலைப்பைக் கொடுத்தார். ஹாஸ்யமாகத்தான், எம்.டி. பட்டம் பெற்றவர் அப்படி எழுதுவதில் கொஞ்சம் குறும்பும் இருக்கிறது. ஆனால் கடைசி இரண்டு வருஷத்தில் அந்தத் தலைப்பு மெய்யாகவே அவர்மேல் வந்து பொருந்தியது. புற்றுநோய் கண்டது. பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். எத்தனையோ பேருடைய கட்டிலருகே நின்றவர் தாமே கட்டிலில் கிடந்தார். வேதனை கடுமையாய் இருந்தது. இந்த வியாதி எப்படிப் போகும், அடுத்த மாதம் என்ன செய்யும் என்பதை டாக்டரான அவருக்கு யாரும் மறைக்க முடியாது. தெரிந்தே, முறையிடாமல், ஜெபமாலையோடு அதைச் சகித்தார். நம் வீடுகளில் இந்நோயோடு கிடக்கிறவர்களையும், அவர்களுக்குப் பணிவிடை செய்து களைத்தவர்களையும் நினைத்தே இதை எழுதுகிறேன். அவர்கள் இவருடைய மன்றாட்டைக் கேட்கலாம், தனி ஜெபத்தில் அதற்குத் தடையில்லை. 2013-ல் திருச்சபை இவரைத் தேவ ஊழியர் என்று அறிவித்து, அர்ச்சியசிஷ்ட பட்டத்துக்கான விசாரணையைத் தொடங்கிற்று. பீடத்தில் வைத்து வணங்குவது அதற்குப் பிறகு திருச்சபை தீர்மானிக்க வேண்டிய காரியம்.

குண்டூர் அர்ச். சூசையப்பர் ஆஸ்பத்திரி இன்றும் நடந்துவருகிறது. அவர் கேட்டுக்கொண்டிருந்த வைத்தியக் கல்லூரி, அவர் இறந்து ஆறு வருஷம் கழித்து, 1963-ல், அவர் கண்மூடிய அதே பெங்களூரில் அர்ச். அருளப்பர் வைத்தியக் கல்லூரியாகத் திறக்கப்பட்டது. அங்கே பட்டம் பெறுகிற இளம் டாக்டர்கள் கிராமப்புறத்து ஆஸ்பத்திரிகளில் குறிப்பிட்ட காலம் பணியாற்ற வேண்டும் என்று கல்லூரி ஒப்பந்தம் வாங்கிக்கொள்ளுகிறது. அப்படி அனுப்பப்பட்டவர்கள் பலர் போய் இறங்குகிற இடம், இரண்டு மூன்று சகோதரிகள் விளக்கேற்றி வைத்துக் காத்திருக்கிற ஒரு சிறு ஆஸ்பத்திரி.